திருக்கை முதல் முளையக் கலம் வரை: அயன் கால்வாய் ஆராய்ச்சியின் வரலாறு

அரசர்தம் ஆட்சியும் போரும் போல, மனிதன் ஓர் உண்மையைப் படிப்படியாகக் கண்டறிந்த செய்தியும் வரலாறேயாம். அத்தகைய வரலாறொன்றினை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

உயிருள்ள கலம் ஒவ்வொன்றும் மென்சவ்வொன்றினாற் சூழப்பட்டுள்ளது. அச்சவ்வு பெரும்பாலும் கொழுப்பினால் ஆயது. ஆதலின் நீரிற் கரைந்த உப்புகளை எளிதிற் செல்லவிடாது. உப்புகளின்றியோ உயிர் இயங்காது. கறியுப்பு நீரிற் கரையும்போது சோடியம், குளோரைட்டு என்னும் மின்னேற்றமுடைய இரு கூறுகளாகப் பிரிகின்றது. இவ்வாறு மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளையே அயன்கள் என்கிறோம். சோடியம், பொற்றாசியம், கல்சியம், குளோரைட்டு ஆகிய அயன்கள் கலத்தினுள்ளும் புறமும் செல்லுதற்கென மென்சவ்விற் புரதத்தாலான நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவையே அயன் கால்வாய்கள். அவை காலமறிந்து திறத்தலாலும் மூடுதலாலும் இதயம் துடிக்கின்றது, தசை சுருங்குகின்றது, கண் கண்ட காட்சி மூளையை எட்டுகின்றது.

இக்கால்வாய்களை மனிதன் அறிதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அக்கால அளவில் ஒவ்வொரு படியிலும் ஒவ்வோர் உயிரினம் துணைநின்றது. திருக்கை காட்டியதைத் தவளை காட்டவில்லை. கணவாய் காட்டியதை முயல் காட்டவில்லை. ஓரினத்திற் கண்டது பிறிதோரினத்துக்கும் அவ்வாறே பொருந்துமெனக் கொண்டவிடத்து அறிஞர் இடர்ப்பட்டனர். இவ்வுண்மையின் பயன் இன்று மருத்துவத்தில் உயிர்ப் பிரச்சினையாய் நிற்கின்றது.

சென்னையிற் பிறந்த வால்ஷ்

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் ஜோன் வால்ஷ் என்னும் ஆங்கிலேயர். இவர் 1726 ஆம் ஆண்டில் சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையிற் பிறந்தவர். கிழக்கிந்தியக் கும்பினியிற் சேவைசெய்து, கிளைவின் அந்தரங்கச் செயலாளராயும் இருந்தவர். ஈட்டிய பொருளோடு இங்கிலாந்து சென்று, அரசியலிலும் அறிவியலிலும் ஈடுபட்டார்.

தொட்டாரைத் திமிர்க்கச் செய்யும் ஒருவகைத் திருக்கை உண்டென்பது கடற்றொழிலாளர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. அத்திமிர்ப்புக்குக் காரணம் யாதென்பதில் ஐயமிருந்தது. வால்ஷ் 1772 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டின் மேற்குக் கரையிலுள்ள லா றோசெல் நகருக்குச் சென்று, உயிருள்ள மின்திருக்கைகளைக் கொண்டு பரிசோதனைகள் நடத்தினார். நீர் நிறைந்த கிண்ணங்களை வரிசையாய் வைத்து, அவற்றில் விரல் தோய்த்து நின்ற பலரையும் மீனோடு ஒரு சுற்றாய் இணைத்தார். மீன் அதிர்ச்சி வெளியிட்டபோது அனைவரும் ஒருசேர அதிர்ந்தனர். உலோகக் கம்பி அதிர்ச்சியைக் கடத்திற்று, கண்ணாடி கடத்தவில்லை. மீனின் ஆற்றல் மின்னாற்றலே என்பதை 1773 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் அவர் எழுதினார். அக்கழகம் தன் உயர்ந்த பரிசாகிய கொப்லிப் பதக்கத்தை அவருக்கு வழங்கிற்று. 1776 ஆம் ஆண்டில் தென்னமெரிக்க மின்விலாங்கிலிருந்து மின்பொறி எழுவதையும் அவர் பிறர்க்குக் காட்டினார்.

வால்ஷ் கையாண்ட இவ்விரு மீன்களையும் நாம் பின்னரும் சந்திப்போம்.

தவளையும் குழாய் நீரும்

இத்தாலியிலே பொலோஞா நகரத்துக் கல்வானி, தவளையின் காற்றசை மின்னாற் சுருங்குவதை ஆராய்ந்து, 1791 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், விலங்குகளின் உடலிலே இயல்பாகவே மின் உண்டு என்றார். வோல்ற்றா இதனை மறுத்தார்; உலோகங்களின் சேர்க்கையே மின்னைப் பிறப்பித்தது என்றார். அதனை நிறுவ முயன்று, 1800 ஆம் ஆண்டில் மின்கலவடுக்கினை அமைத்தார். திருக்கையின் மின்னுறுப்பிலே தட்டையான கலங்கள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்டிருத்தலை ஒத்தே அவருடைய உலோகத் தட்டுகளும் அடுக்கப்பட்டிருந்தன. அவரும் அதனைச் செயற்கை மின்னுறுப்பு என்றே குறித்தார். இன்று நாம் கைவிளக்கில் இடும் மின்கலத்தின் மூதாதை ஒரு மீன் என்றால் அது மிகையன்று.

அடுத்த படி இலண்டனில் நிகழ்ந்தது. சிட்னி றிங்கர் என்னும் மருத்துவர், தவளையின் இதயத்தை உடலினின்று பிரித்து, உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கச் செய்தார். கறியுப்புக் கரைசலே போதுமென 1882 ஆம் ஆண்டில் அவர் கருதினார். பின்னர் ஆராய்ந்தபோது, அக்கரைசல் காய்ச்சி வடித்த நீரில் அன்றி நகரத்துக் குழாய் நீரில் ஆக்கப்பட்டது என்பது தெரியவந்தது. வடித்த நீரில் ஆக்கிய கரைசலில் இதயம் தளர்ந்து நின்றது. குழாய் நீரிலிருந்த கல்சியமே துடிப்பைக் காத்தது என அவர் 1883 ஆம் ஆண்டில் வெளியிட்டார். சுண்ணக்கற் பாறையினின்று ஊறும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரை அறிந்தோர்க்கு நீருட் கல்சியம் மறைந்துறைதல் புதிதன்று. அயன்களுள் எது, எவ்வளவு என்பது உயிர்க்கு முதன்மையானது என்ற அறிவு இவ்வாறே பிறந்தது.

கணவாயின் நரம்பு

1902 ஆம் ஆண்டில் யேர்மானிய அறிஞர் பேண்ஸ்ரைன், நரம்பின் மின்னிலை பொற்றாசியம் மென்சவ்வினூடு செல்வதனால் உண்டாகின்றது என்னும் கொள்கையை வகுத்தார். அதனைச் சோதித்தற்கு நரம்பிழையினுள்ளே மின்கம்பியைச் செலுத்தல் வேண்டும். தவளையின் நரம்பிழையோ ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதிலொரு பங்கு அளவினது. அதனுட் கம்பி செலுத்துதல் அன்று இயலாததாயிற்று.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தது கணவாய். அதன் உடலிற் சில நரம்பிழைகள் ஒரு மில்லிமீற்றர் வரையும் பருத்துள்ளன என்பதை 1936 ஆம் ஆண்டில் யங் என்னும் விலங்கியலறிஞர் எடுத்துக்காட்டினார். ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் 1939 ஆம் ஆண்டிற் பிளிமத் துறைமுகத்து ஆய்வுகூடத்தில் அவ்விழையினுள்ளே நுண்கம்பியைச் செலுத்தி மின்னழுத்தத்தை அளந்தனர். சில வாரங்களிற் போர் மூண்டது, ஆராய்ச்சி நின்றது. போர் முடிந்தபின் தொடர்ந்து உழைத்து, 1952 ஆம் ஆண்டில் ஐந்து கட்டுரைகளாகத் தம் முடிபுகளை வெளியிட்டனர். நரம்பிலே செய்தி செல்லும்போது முதலிற் சோடியம் உட்புகுகின்றது. பின் பொற்றாசியம் வெளியேறுகின்றது. இவ்விரண்டுக்கும் வெவ்வேறு வழிகள் உள என்பது அவர்தம் கணிப்பினின்றும் பெறப்பட்டது. 1963 ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

நஞ்சுகள் தந்த அறிவு

கால்வாய்கள் வெவ்வேறாயின், ஒன்றை மட்டும் அடைத்துப் பார்த்தல் கூடுமோ என்னும் வினா எழுந்தது. விடை நஞ்சிலிருந்து வந்தது. நம் கரையோர மக்கள் நன்கறிந்த பேத்தை மீனின் ஈரலிலும் முட்டையிலும் கொடிய நஞ்சுண்டு. அந்நஞ்சு சோடியக் கால்வாயை மட்டும் அடைக்கின்றது என்பதை நரகாசி முதலியோர் 1964 ஆம் ஆண்டிற் சிங்கிறாலின் நரம்பிற் காட்டினர். அதனை உண்டவர் நினைவு மாறாதிருக்கவே தசைகள் செயலிழந்து, மூச்சு நின்று இறப்பதன் காரணம் இதுவே.

அந்நஞ்சு பேத்தையைக் கொல்லாதது ஏன்? பேத்தையின் சோடியக் கால்வாய்ப் புரதத்திலே, நஞ்சு பற்றும் இடத்திலுள்ள ஓர் அமினோவமிலம் மாறியிருக்கின்றது. மனித இதயத்திலுள்ள சோடியக் கால்வாயும், நரம்பிலுள்ளதைப்போல அந்நஞ்சுக்கு எளிதில் அடங்குவதன்று. ஆயிரக்கணக்கான அமினோவமிலங்கள் கோத்த தொடரில் ஒன்று மாறினும், உயிர் பிழைத்தலும் பிழையாமையும் மாறுகின்றன. இனத்துக்கு இனம் மட்டுமன்றி, ஓருடலிலேயே உறுப்புக்கு உறுப்பும் கால்வாய் வேறுபடும் என்பதற்கு இது சான்று.

1976 ஆம் ஆண்டில் யேர்மனியில் நேயர், சாக்மன் என்னும் இருவர், நுனி கூர்ந்த கண்ணாடிக் குழாயைத் தவளைத் தசைக்கலத்தின்மீது பொருத்தி, தனியொரு கால்வாய் திறந்து மூடுவதை அளந்தனர். அதனூடு பாய்ந்த மின், ஓர் அம்பியரை இலட்சங்கோடியாற் பிரித்தாற் கிடைக்கும் பங்கிற் சிலவே. கணக்கின் வழியாக உய்த்துணரப்பட்ட கால்வாய் இவ்வாறு நேரிற் காணப்பட்டது. இருவரும் 1991 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

அக்காலத்திலே கியோத்தோப் பல்கலைக்கழகத்து நூமா என்னும் பேராசிரியர், கால்வாய்ப் புரதங்களின் பரம்பரையலகுகளை வாசித்தறிய முற்பட்டார். கால்வாய்கள் மிகச் செறிந்துள்ள உயிரினம் எது என்று தேடியபோது, வால்ஷ் ஆராய்ந்த அதே வகை மீன்களே கிடைத்தன. 1982 ஆம் ஆண்டில் மின்திருக்கையிலிருந்து, நரம்பின் செய்தியைத் தசை ஏற்கும் கால்வாயின் ஒரு பகுதியையும், 1984 ஆம் ஆண்டில் மின்விலாங்கிலிருந்து சோடியக் கால்வாயையும் அவர் குழுவினர் வெளிப்படுத்தினர். வால்ஷின் பரிசோதனைக்கும் இதற்கும் இடையே இருநூறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

கல்கத்தாவின் முயல்

கால்வாய் வரலாற்றிலே நம் மக்களின் கண்ணீரோடு தொடர்புடைய பகுதி ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்தினின்றும் இலங்கைப் பெருந்தோட்டங்களை நோக்கி வந்த தொழிலாளருள் எத்துணையோ பேர் வாந்திபேதியால் வழியிலேயே மாண்டனர். மன்னாரினின்று மலைநாட்டுக்குச் சென்ற பாதை அவர்தம் புதைகுழிகளாலும் அறியப்பட்டது. பிற்காலத்தில் மண்டபத்தில் தொற்றுத்தடை முகாம் அமைக்கப்பட்டது இந்நோய்க்கு அஞ்சியே.

றொபேட் கொக் 1884 ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் இந்நோயின் கிருமியை உறுதிசெய்தார். ஆயினும் கிருமி எவ்வாறு கொல்கின்றது என்பது எழுபதாண்டுகள் வரை விளங்கவில்லை. வளர்ந்த விலங்குகளுக்குக் கிருமியை ஊட்டியபோது மனிதர்க்கு உண்டாவதுபோன்ற நோய் உண்டாகாமையே அதற்குப் பெருங்காரணம். நோயைக் காட்டவல்ல விலங்கு கிடைக்காமல் ஆராய்ச்சி தேங்கிற்று.

தேக்கத்தை உடைத்தவர் கல்கத்தா மருத்துவர் சம்புநாத் டே. 1953 ஆம் ஆண்டில் அவர், முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதனுட் கிருமியை இட்டார். அப்பகுதி நீரால் நிறைந்து வீங்கிற்று. 1959 ஆம் ஆண்டிற் கிருமியை நீக்கி வடித்த திரவமே அவ்விளைவைத் தருவதைக் காட்டி, கிருமி விடும் நஞ்சே காரணம் என்று நிறுவினார். முயல் முன்னரும் இருந்தது. அதனை எவ்வாறு வினாவுதல் என்பதை அறிந்தவர் டே.

அந்நஞ்சின் செயல் பின்னர்த் தெளிவாயிற்று. அது குடற்கலங்களிலுள்ள குளோரைட்டுக் கால்வாயை மூடவிடாது திறந்துவைக்கின்றது. குளோரைட்டு வெளியேற, சோடியமும் நீரும் தொடர்கின்றன, உடல் வற்றுகின்றது. அக்கால்வாயின் பரம்பரையலகு 1989 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. சோடியம் வெல்லத்தோடு சேர்ந்து உட்புகும் வேறொரு வழி குடலில் உண்டு; அதனை நஞ்சு கெடுப்பதில்லை. இதனைப் பயன்படுத்தி, 1971 ஆம் ஆண்டில் வங்காள எல்லையிலுள்ள பொங்காவ் ஏதிலிகள் முகாமிலே மருத்துவர் திலீப் மகலனாபிசு உப்பும் வெல்லமும் கரைத்த நீரை நோயாளர்க்கு ஊட்டினார். நூற்றுக்கு முப்பதை எட்டிய சாவு, நான்கிலும் குறைந்தது. நம் நாட்டு மருந்துக் கடைகளிலே ஜீவனி என்னும் பெயரில் நாம் வாங்குவது அக்கரைசலுக்குரிய உப்பும் வெல்லமுமே.

முளையக் குருத்துக்கலங்கள்

கருவுற்ற முட்டை சில நாள்களில் ஒரு சிறு கலக்கூட்டமாகின்றது. அதன் உட்புறத்துக் கலங்கள் இன்னும் நரம்பென்றோ தசையென்றோ துணியப்படாதவை, எவ்வுறுப்பாகவும் ஆகவல்லவை. அவற்றைப் பிரித்து வளர்த்தால் முளையக் குருத்துக்கலங்கள் கிடைக்கின்றன. 1981 ஆம் ஆண்டில் எவன்சும் கோஃப்மனும் கேம்பிறிட்ஜிலும், கெயில் மாட்டின் அமெரிக்காவிலும் இவற்றைச் சுண்டெலியிலிருந்து பெற்றனர். மனிதனிலிருந்து பெறுதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின. தொம்சன் என்பவர் 1995 ஆம் ஆண்டிற் குரங்கிலும், 1998 ஆம் ஆண்டில் மனிதனிலும் வெற்றி கண்டார். சுண்டெலிக் கலங்களைக் குருத்துநிலையிற் காக்கும் ஊட்டப் பொருள் மனிதக் கலங்களைக் காக்கவில்லை. ஓரினத்தின் முறை மற்றோரினத்துக்கு உதவாமை இங்கும் வெளிப்பட்டது.

இக்கலங்களின் கால்வாய்களை ஆராய்ந்தவிடத்தும் வேறுபாடு தோன்றிற்று. 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, சுண்டெலி, மனிதன் ஆகிய இரண்டின் குருத்துக்கலங்களிலும் பொற்றாசியக் கால்வாய் இயங்குதலைக் கண்டது. அதனை அடைத்தாற் கலங்கள் பெருகுதல் தளர்ந்தது. நரம்பாகாத கலத்துக்கும் கால்வாயால் வேலையுண்டு என்பது இதனாற் பெறப்படும். ஆனால் இதயத்திலே துடிப்பைத் தொடக்கிவைக்கும் கால்வாயின் மின்னோட்டம் சுண்டெலிக் கலங்கள் சிலவற்றிற் காணப்பட்டது. மனிதக் கலங்களிற் காணப்படவில்லை.

இவ்வேறுபாடு நூலறிவோடு அமைவதன்று. மாரடைப்பால் இறந்த இதயத்தசை மீண்டும் முளைப்பதில்லை. குருத்துக்கலத்தை இதயக்கலமாக்கி அவ்விடத்தே நட்டால் என்ன என்று அறிஞர் எண்ணினர். எலிகளில் நட்டபோது தீங்கு தோன்றவில்லை. 2014 ஆம் ஆண்டில் அமெரிக்காவில், நம் நாட்டுச் செங்குரங்குக்கு நெருங்கிய இனத்துக் குரங்குகளில் மனித இதயக்கலங்களை நட்டனர். தசை வளர்ந்தது, கூடவே துடிப்பு ஒழுங்கு கெட்டது. சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய அறுநூறு முறை துடிப்பது. மெல்லத் துடிக்கும் மனிதக் கலங்களின் குறும்பு அவ்விரைவில் மறைந்துபோகும். மெல்லத் துடிக்கும் பெரிய இதயத்திலோ அது வெளிப்படும். எலியோடு நின்று, நேரே மனிதனுக்கு நட்டிருந்தால் விளைவு யாதாயிருக்கும் என்பதை வாசகர் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

காரணம் கால்வாய்களில் இருந்தது. நட்ட கலங்கள் முதிராதவை. தாமே துடிக்கும் இயல்பை விடாதவை. 2023 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஆய்வில், துடிப்பைத் தொடக்கும் கால்வாய், ஒருவகைக் கல்சியக் கால்வாய், சோடியத்தையும் கல்சியத்தையும் மாற்றிக்கொள்ளும் புரதம் ஆகிய மூன்றுக்கும் உரிய பரம்பரையலகுகளை நீக்கி, பொற்றாசியக் கால்வாய் ஒன்றை மிகுவித்தனர். அக்கலங்களைப் பன்றிகளின் இதயத்தில் நட்டபோது அத்தகைய ஒழுங்கின்மை உண்டாகவில்லை. றிங்கரின் குழாய் நீரிற் கல்சியத்தைக் கண்ட அறிவு, இங்ஙனம் இதயக்கலத்தின் கால்வாய்களைத் தெரிந்து அமைக்கும் அளவுக்கு வளர்ந்துள்ளது.

மருந்துகளின் செய்தியும் இதனையே வலியுறுத்தும். தும்மலுக்கும் ஒவ்வாமைக்கும் பலர் உண்ட தேர்ஃபெனடின் என்னும் மருந்து, மனித இதயத்தின் பொற்றாசியக் கால்வாய் ஒன்றை அடைத்துச் சிலரிடத்தே துடிப்பைச் சிதைத்தமையால், 1998 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையினின்றும் நீக்கப்பட்டது. வளர்ந்த சுண்டெலியின் இதயம் அக்கால்வாயைப் பெரிதும் நம்பியிராதது. ஆதலின் அதில் இத்தகைய தீங்கைக் காண்டல் அரிது. இன்று மனிதக் குருத்துக்கலத்திலிருந்து ஆக்கிய இதயக்கலங்களில் மருந்துகளைச் சோதிக்கும் முறை வந்துள்ளது. முளையத்தை அழித்தல் அறமோ என்னும் வினாவைத் தவிர்க்கும் வழியொன்றும் உண்டு. யப்பானிய அறிஞர் யமனாக்கா 2006 ஆம் ஆண்டிற் சுண்டெலியின் தோற்பகுதிக் கலங்களையும், 2007 ஆம் ஆண்டில் மனிதக் கலங்களையும் குருத்துநிலைக்கு மீட்டார். 2012 ஆம் ஆண்டில் நோபெல் பரிசிற் பங்குபெற்றார்.

வரலாறு கற்பிப்பது

மேற்கூறியவற்றால் இரண்டு பெறப்படும். அயனைக் கொண்டு இயங்குதல் எல்லா உயிர்க்கும் பொது. 1998 ஆம் ஆண்டில் மக்கினன் என்பார் முதன்முதலாக வடிவங்கண்ட பொற்றாசியக் கால்வாய் மண்ணில் வாழும் ஒரு பற்றீரியத்தினுடையது. மனித நரம்பிலுள்ளதும் அதன் சுற்றமே. இப்பொதுமை இன்றேல் கணவாயைக் கொண்டு மனித நரம்பை விளங்கியிருத்தல் இயலாது. ஆயினும் எக்கால்வாய், எவ்வுறுப்பில், எவ்வளவு என்பது இனந்தோறும் வேறு. பொதுமையை நம்பியே ஆராய்ச்சி தொடங்குகின்றது. வேறுபாட்டைச் சோதித்தபின்னரே அது மருந்தாகின்றது.

குருத்துக்கலத்தால் எந்நோயும் தீருமென விளம்பரஞ் செய்து பெரும்பொருள் கேட்கும் நிலையங்கள் உலகிற் பலவாகிவிட்ட காலம் இது. நோயுற்ற பெற்றோரையும் உறவினரையும் உடைய நாம் அவ்விளம்பரங்களைக் கண்டு மயங்குதல் இயல்பே. மாணவர், புதிய மருந்தொன்றைப் பற்றிச் செய்தித்தாளில் வாசிக்கும்போதெல்லாம், “எவ்வுயிரினத்திற் கண்டது? மனிதனிற் சோதிக்கப்பட்டதா?” என்னும் இரு வினாக்களையும் எழுப்பப் பழகுவாராக. திருக்கையைத் தொட்டு அதிர்ந்தவரும், முயலின் குடலைக் கட்டிப் பார்த்தவரும் அவ்வாறு வினாவியே உண்மையை எய்தினர். வினாவாது நம்பியவர் செலுத்திய விலை பலவிடத்தும் பிறருடைய உயிராயிற்று.